போர்க்காலப் புலம்பெயர் புதினம், மலாயாத் தமிழ்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஆண்ட தென்கிழக்காசியாவில் (1941–45) இடம்பெயர்ந்து வாழ்ந்த தமிழரைக் களமாகக் கொண்ட வரலாற்றுப் புதின வகை.

வகைகள்: அந்நிய நகர வாழ்வு, சயாம் மரண ரயில்பாதை, இந்திய தேசிய இராணுவம் என மூன்று.

முதல்வகையில் தலையாயது ப. சிங்காரத்தின் (1920–1997) ‘புயலிலே ஒரு தோணி’ (1972). சுமத்திராவின் மெடான் நகர வட்டிக்கடைத் தெருக்களில் வாழ்ந்த பாண்டியன் தொங்கான் என்னும் மரக்கலத்தில் மலாக்கா நீரிணை கடந்து பினாங்கு சேர்கிறான். சிங்காரமும் இளமையில் மெடானில் பணியாற்றியவர்.

இரண்டாம் வகையில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகியவை குறிப்பிடத்தக்கன. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியரால் கொண்டுசெல்லப்பட்ட தமிழர், 1943 அக்டோபரில் முடிந்த 415 கி.மீ. சயாம்–பர்மா பாதை அமைப்பில் பட்ட துயரை இவை சொல்கின்றன. ரெங்கசாமியின் ‘இமையத் தியாகம்’ மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

வரலாற்றுக் களம்: கோலாலம்பூர் 1942 ஜனவரி 11இல் ஜப்பானியர் வசமானது. அந்நகரில் தமிழர் பெருமளவில் வேலைசெய்த செந்தூல் ரயில் பட்டறை, 1945இல் நேச நாட்டு பி-29 விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளானது.

சிறப்பு: தொழிலாளர் தரப்பு எழுத்துப் பதிவுகள் மிகக் குறைவாதலால், இப்புதினங்கள் சமூக வரலாற்றுக்கும் துணைச் சான்றாகின்றன.