ஒரே வரியில் ரெண்டு ஓபோ

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பல குரல் பாட்டென்றால் பெரும்பாலும் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனிக் கொப்பிதான். சிப்ரியானோ தெ ரோரேயின் மாட்ரிகல்கள் 1577இல் வெனிஸில் எல்லாக் குரலும் ஒன்றன் கீழ் ஒன்றாக அச்சானதை இன்றைக்கும் விசேஷமாகச் சொல்வது அதனால்தான்.

அடுக்கத் தொடங்கினதும் இடப் பிரச்சினை வந்தது. தாளும் விலை, செதுக்குகிற உலோகத் தகடும் விலை. பரோக் காலத்தில் செலோ, பசூன், ஹார்ப்சிகோர்டின் இடது கை எல்லாம் ஒரே அடிவரியைப் பார்த்து வாசித்தன. பீத்தோவன் காலத்தில் ரெண்டு ஓபோவுக்கும் ஒரே வரி. முதலாமவரின் சுரத்துக்குக் காம்பு மேலே, இரண்டாமவருக்குக் கீழே. ரெண்டு பேரும் ஒன்றையே வாசித்தால் 'அ 2', ஒருத்தர் மட்டுமென்றால் '1.' இந்தச் சின்னக் குறி விடுபட்டால் இரண்டாமவர் வாசிக்கிறாரா, சும்மா இருக்கிறாரா என்று ஒருத்தருக்கும் விளங்காது.

இந்தக் கதையில் எங்களுக்குப் பிடித்த ஆக்கள் பிரதியெடுத்தவர்கள். சேர்த்து எழுதினதை வாத்தியக்காரருக்காகத் திரும்பப் பிரித்து, கையாலேயே எழுதினவர்கள். ஒரு பிழை விட்டால் ஒத்திகையே நின்றுவிடும்.

ஃபினாலே 1988இல் வந்தது, சிபேலியஸ் 1993இல். சேர்த்த பிரதியையும் தனிப் பிரதியையும் ஒத்துப்போக வைப்பது மட்டும் பெரும்பாலும் மனுச வேலையாகவே கிடந்தது. 2019இல் வந்த டொரிக்கோ 3இல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினால் போதும். நடத்துநரின் பிரதியில் மென்பொருளே சேர்த்துக் காட்டும், காம்பையும் 'அ 2'வையும் அதுவே போடும். அதைச் செய்தது, 2012இல் லண்டன் அலுவலகம் மூடப்பட்டு வேலை போன பழைய சிபேலியஸ் ஆக்கள்!