மாக்கோழியும் சைவ மட்டனும்

புரட்டாசி பிறந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில் மீன் சட்டி பரணேறிவிடும். வாழையிலை உணவகங்களில் சைவச் சாப்பாட்டுக்கான கூட்டம் பெருகும். அங்கே வெண்டைக்காய்ப் பொரியலுக்கும் பருப்புக்கும் பக்கத்திலேயே, மசாலை பூசிக் கறுத்து மினுமினுக்கும் 'சைவ மட்டன் பெரட்டல்' ஒன்றும் வைக்கப்பட்டிருக்கும். இதனைக் காணும் மாணவர்கள் ஆண்டுதோறும் தவறாமல் கேட்கும் வினா ஒன்றுண்டு. இறைச்சியே வேண்டாம் என்று விட்டவர்களுக்கு இறைச்சியைப் போன்ற உணவு எதற்கு? பெரியவர்களும் இதே வினாவைச் சற்றுக் கேலியாகக் கேட்பர். சைவ உணவினர் உள்ளுக்குள் இறைச்சியின் சுவைக்கு ஏங்கிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

விளையாட்டாகக் கேட்கப்படும் வினாதான். ஆயினும் இதனையே மையமாகக் கொண்டு தமிழில் ஒரு காப்பியமே எழுந்துள்ளது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்கு வருமுன், நம் நாட்டில் சைவ உணவினர் என்போர் யாவர் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

'சைவம்' என்ற சொல்லே நம்மிடையே இரு பொருள்பட வழங்குகிறது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வே எழுத்தர்களாக வந்து வாழ்ந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் தங்களைச் சைவர் என்றே சொல்லிக்கொண்டனர். அவர்களுள் பலர் மற்ற நாள்களில் மீனும் நண்டும் உண்டு, வெள்ளிக்கிழமையிலும் விரத நாள்களிலும் மட்டும் விலக்கினர். இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தொழிலாளர்களின் நிலையும் ஏறத்தாழ அத்தகையதே. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வுக்குத் தடை விதிக்கும் வரையில் இங்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் இறைச்சியை விலக்காத குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆனால் விலக்காமைக்கும் கிடைப்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா? ஆட்டிறைச்சி என்பது தீபாவளிக்கும் கோவில் திருவிழாவுக்கும் உரிய அரிய பண்டமாகவே இருந்தது.

ஆகவே, இங்குப் பெரும்பான்மைத் தமிழரின் சைவம் நாட்காட்டிச் சைவம். வெள்ளிக்கிழமை, புரட்டாசி, கந்த சஷ்டி, 1892 முதல் பத்துமலையில் கொண்டாடப்பட்டுவரும் தைப்பூசத்திற்கு முன் காவடி எடுப்போர் நோற்கும் 48 நாள் விரதம் என்று அது அமைந்துள்ளது. இவர்கள் சுவையை மறந்தவர்கள் அல்லர். ஒரு தவணைக்கு எடுத்து வைத்தவர்கள். பிறந்தது முதல் புலால் அறியாதவர்களும், வள்ளலார் (1823–1874) காட்டிய சீவகாருணிய நெறியில் நின்று அதனை அறவே விட்டவர்களும் வேறு. ஏக்கம் உண்டா இல்லையா என்ற வினாவை இம்மூவரிடமும் ஒன்றுபோல் கேட்பது பொருந்தாது.

சங்க காலத்துப் புலவர்களைக் கேட்டால் இவ்வினா அவர்களுக்கு விளங்கியே இராது. அந்தணராகிய கபிலர், சேர மன்னன் தம் கை மென்மையாக இருப்பதைக் கண்டு வியந்தபோது, இறைச்சியும் சோறும் உண்பதைத் தவிர வேறு வன்தொழில் அறியாத கை என்று விடை கூறியதைப் புறநானூறு காட்டுகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலனின் விருந்தாளியோ, பல் மழுங்கும் அளவுக்கு ஊன் தின்று சலித்துப் போகிறான்! பின்னர்ச் சமண, பௌத்த அறங்கள் ஓங்கிய காலத்தில் காற்று மாறியது. திருக்குறளில் புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரமாக இடம்பெற்றது. அது இல்லறவியலில் அன்று, துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளது என்பதை ஆசிரியர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். இல்லறத்தானுக்கு அது விதியா, வழிகாட்டலா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் வகுப்பறைகளில் இவ்வதிகாரத்தை நடத்தும்போது, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழிக்கறி உண்ட பிள்ளைகள் ஏதோ குற்றம் செய்தவர்கள்போல் தலைகுனிவதை நான் கண்டிருக்கிறேன். கபிலரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் அந்தக் குனிவு நேராது.

இனிக் காப்பியத்திற்கு வருவோம். ஐஞ்சிறுங்காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியம் சமண நூல். இக்கதையை வடமொழியில் சோமதேவர் 959ஆம் ஆண்டில் யசஸ்திலகம் என்னும் பெயரில் விரித்துரைத்தார். தமிழ்க் காப்பியத்தின் கதை இது. உஞ்சயினியை ஆண்ட யசோதரன் மனைவியின் நடத்தையால் மனமுடைகிறான். உண்மையைச் சொல்ல இயலாமல், தீக்கனாக் கண்டதாகத் தாய் சந்திரமதியிடம் கூறுகிறான். அவளோ, சண்டமாரிக்கு உயிர்ப்பலி கொடுத்தால் தீங்கு நீங்கும் என்கிறாள். கொலைக்கு அஞ்சும் மகன் மறுக்கிறான். இறுதியில் இருவருக்கும் ஏற்ற இணக்கமான வழி ஒன்று பிறக்கிறது. உயிருள்ள கோழி வேண்டாம். அரிசி மாவினால் ஒரு கோழி செய்து அதனை வெட்டிவிடலாம்!

வாள் பட்டதும் அந்த மாக்கோழி உயிருள்ள கோழியைப் போலவே குரல் எழுப்பியதாம். அரசன் நடுங்கிப் போகிறான். பிறகு தாயும் மகனும் நஞ்சூட்டப்பட்டு இறந்து, நாயாகவும் மயிலாகவும், இன்னும் பல விலங்குகளாகவும் பிறந்து துன்புறுகின்றனர். ஒரு துளி இரத்தமும் சிந்தாத செயலுக்கு இத்தனை பிறவித் துன்பமா என்று கேட்கத் தோன்றும். சமணர் தரும் விடை கண்டிப்பானது. வெட்டியது மாவையாயினும் வெட்டும்போது மனம் கோழியைத்தானே எண்ணியது? வினை கையால் மட்டும் அன்று, கருத்தாலும் விளைகிறது என்பது அவர்கள் கொள்கை.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் புரட்டாசிச் சைவ மட்டன் தேறாது. ஆயினும் எனக்கு இக்காப்பியத்தின் தீர்ப்பு மிகக் கடுமையானதாகவே தோன்றுகிறது. வரலாற்றில் மாக்கோழிகள் பல உயிர்க்கோழிகளைக் காப்பாற்றியுள்ளன. சீனத்தில் 502 முதல் 549 வரை ஆண்ட லியாங் மரபின் பேரரசர் ஊ, புத்த நெறியில் ஆழ்ந்து புலால் நீக்கியவர். அவர் 517ஆம் ஆண்டில், அரச குல முன்னோர் வழிபாட்டில் விலங்குகளைப் பலியிடுவதை நிறுத்தி, அவற்றுக்கு மாற்றாக மாவினால் செய்த உருவங்களைப் படைக்க ஆணையிட்டார். கன்னட நாட்டில் மத்வரின் வழிவந்தோரும் வேள்விக்கு மாவினாலான விலங்கையே ஏற்றனர். அவ்வளவு தொலைவு ஏன் செல்ல வேண்டும்? நம் தோட்டப்புறங்களில் முனீஸ்வரருக்கும் மதுரை வீரனுக்கும் காளிக்கும் கிடாயும் சேவலும் வெட்டிய கோவில்கள் எத்தனை! 1965இல் தோன்றிய மலேசிய இந்து சங்கம் போன்ற அமைப்புகளின் அறிவுறுத்தலாலும், தோட்டங்கள் கலைந்து மக்கள் நகரங்களுக்குக் குடியேறியதாலும் அவ்வழக்கம் பல இடங்களில் குன்றிவிட்டது. அங்கெல்லாம் இப்போது குங்குமம் தடவிய நீற்றுப்பூசணியும் எலுமிச்சையும் வெட்டப்படுகின்றன. செந்நிறம் இருக்கிறது, உயிர் இல்லை. தெய்வத்திற்கே மாற்றுப் படையல் ஏற்புடையதாகும்போது, விரதக்காரரின் இலையில் மாற்றிறைச்சி விழுந்ததற்கு ஏன் இவ்வளவு ஏளனம்?

அந்த மாற்றிறைச்சி நம் இலைக்கு வந்த வழியும் அறியத்தக்கது. அது தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்ததன்று. அண்டை வீட்டுச் சீனர் தந்தது. கோதுமை மாவை நீரில் பிசைந்து, மாச்சத்தைக் கழுவி நீக்கினால் எஞ்சும் பசையத்தைக் கொண்டு இறைச்சி போன்ற உணவு சமைக்கும் கலையைச் சீனப் பௌத்த மடங்கள் வளர்த்தன. சோங் மரபுக் காலத்து நகர வருணனை நூல்களிலேயே போலி இறைச்சி உணவுகளின் பெயர்கள் காணப்படுகின்றன. மடத்துக்கு வரும் இல்லறத்தார் இறைச்சி உண்டு பழகியவர்கள். அவர்களுக்கு விருந்து படைக்கவே இக்கலை பெரிதும் பயன்பட்டது. ஆக, அங்கும் மாற்றிறைச்சி சுவையை அறிந்தவருக்காகவே ஆக்கப்பட்டது.

நம் நாட்டுச் சீனர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் மரக்கறி உண்பதுண்டு. ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள்களில் ஒன்பது பேரரசர் திருவிழா நடைபெறும்; அம்பாங் கோவிலில் அது பெருவிழா. நம் நவராத்திரியும் பெரும்பாலான ஆண்டுகளில் அதே அமாவாசையை அடுத்தே தொடங்குகிறது. 2023இல் இரண்டும் அக்டோபர் 15ஆம் நாளில் தொடங்கின. 2024இல் இரண்டும் அக்டோபர் 3ஆம் நாளில் தொடங்கின. 2025இல் சீன நாட்காட்டியில் ஒரு மாதம் கூடுதலாக வந்தமையால் ஏறக்குறைய ஒரு திங்கள் விலகின. ஒரே நகரத்தில் இரு சமூகத்தார் ஒரே வாரத்தில் விரதம் இருக்கும்போது, ஒருவர் கடைப் பண்டம் மற்றவர் சமையலறைக்குள் நுழைவது வியப்பன்று.

நுழைந்த பின்னர் அது முற்றும் தமிழாகிவிட்டது என்பதே சுவையான செய்தி. சீனச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும் விலக்கு. நம்மவரோ அவை இரண்டையும் தாராளமாக வதக்கி, சோம்பு, பட்டை, மிளகு, கறிவேப்பிலை சேர்த்துப் பெரட்டுகின்றனர். அவர்கள் பண்டங்கள் சிலவற்றில் முட்டை கலந்திருப்பதுண்டு. நமக்கு முட்டை விலக்கு. விரதம் இருக்கும் பெற்றோர் உறையின் பின்புறத்தைப் படித்துப் பார்த்து வாங்குவது நல்லது. தமிழகத்தில் 'மீல் மேக்கர்' என்றும் இலங்கையில் 'சோயா மீட்' என்றும் வழங்கும் சோயா உருண்டை வேறு வழியில் வந்தது. அது 1960களில் அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் உருவாக்கிய பொருளின் வழித்தோன்றல். இங்குக் கிடைக்கும் சைவ மட்டனில் சோயாவுடன், ஷீத்தாக்கே காளானின் நார்மிக்க காம்பும் பெரும்பாலும் பயன்படுகிறது.

காளான் காம்பைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நுட்பம் அடங்கியுள்ளது. 1908ஆம் ஆண்டில் தோக்கியோவில் கிக்குனாயே இக்கேடா என்னும் வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து, அதன் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். உலர்ந்த ஷீத்தாக்கே காளானில் மிகுந்துள்ள குவானிலேட்டும் அதே சுவையைத் தருவது 1957இல் அறியப்பட்டது. குளூட்டமேட்டுடன் சேரும்போது இவ்வகைப் பொருள்கள் அச்சுவையைப் பன்மடங்கு பெருக்கும். இறைச்சியில் அவ்வேலையைச் செய்வது இனோசினேட். எனவே நாக்கு ஏமாறவில்லை. இறைச்சியில் கண்ட சுவையின் ஒரு கூற்றைக் காளானிலும் உண்மையாகவே காண்கிறது.

மற்றொரு கூறு மசாலையினுடையது. 'கறி' என்றால் இன்று நம்மில் பலருக்கு இறைச்சிதான். சங்க நூல்களிலோ அச்சொல் மிளகைக் குறிக்கும் இடங்கள் பல. முசிறித் துறைக்கு வந்த யவனர் கலங்கள் பொன்னைக் கொடுத்து ஏற்றிச் சென்றதாக அகநானூறு கூறும் 'கறி' மிளகே. பின்னாளில் அது மிளகிட்டுச் சமைத்த உணவுக்கும், காய்கறிக்கும், இறைச்சிக்கும் பெயராயிற்று. விரதக்காரர் ஏங்குவது ஆட்டுக்கா, அம்மியில் அரைத்த மிளகுக்கும் சோம்புக்குமா என்று கேட்டால், பாதிக்கு மேல் பின்னதற்கே என்பேன். மசாலையின்றி வெறும் நீரில் வெந்த ஆட்டிறைச்சியை எண்ணி ஏங்கியவர் எவரையும் நான் கண்டதில்லை.

பிறவிச் சைவரின் நிலை வேறு. திருமண விருந்துகளில் நான் கவனித்த வரையில், சைவ மட்டனை முதலில் ஒதுக்குபவர்கள் இவர்களே. நார் நாராகப் பிரியும் அந்த மென்மையே அவர்களுக்குக் குமட்டலைத் தருகிறது. அறியாத சுவைக்கு ஏங்குவது எங்ஙனம்? இத்தகைய வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில், "இது சைவந்தானே, சாப்பிடு" என்று வற்புறுத்துவது தவறு. வங்காளத்தில் பலாக்காயை 'மரத்து ஆடு' என்று அழைப்பர். அங்கும் அப்பெயர் ஆட்டை உண்டறிந்தவர் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும்.

கிள்ளானுக்குச் செல்பவர்கள் இதற்கு மற்றுமொரு சான்றைக் காணலாம். பன்றி எலும்பை மூலிகைகளுடன் கொதிக்கவைக்கும் பாக் குத் தே அவ்வூரின் அடையாள உணவு. 2024 பிப்ரவரியில் அது தேசிய மரபு உணவாக அறிவிக்கப்பட்டது. அதே ஊரில் அதற்குச் சைவ வடிவமும் விற்கப்படுகிறது. எலும்புக்கு மாற்றாகக் காளானும் சோயா ஆடையும் கோதுமைப் பசையமும் இடுகின்றனர். மூலிகைக் கட்டை மட்டும் அவர்கள் மாற்றவில்லை.