திரையில் சுழலும் பம்ப்: தொழிலகத் தொடுதிரை அனிமேஷனின் நம்பகத்தன்மை குறித்து

முன்னுரை

தொடுதிரையில் ஒரு பம்பை வரைவது எளிது. அது எப்போது பச்சையாக வேண்டும், எப்போது சுழல வேண்டும் என்று முடிவு செய்வதுதான் கடினம். எச்எம்ஐ (மனித-இயந்திர இடைமுக) மென்பொருள்களில் ஓர் உருவத்துக்கு நிறம், தெரிவுநிலை, நிரப்பளவு, சுழற்சி, இடமாற்றம் எனப் பல அசைவுகளை அமைக்கலாம்; ஒவ்வொன்றும் ஆலையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியின் ஒரு டேக்கோடு, அதாவது பெயரிட்ட ஒரு மதிப்போடு, பிணைக்கப்படும். எந்த டேக் என்று மென்பொருள் கேட்கும். ஏன் அந்த டேக் என்று கேட்காது. அதைக் கேட்க வேண்டியவர் பொறியாளர். திரையின் ஒவ்வோர் அசைவும் ஆலையைப் பற்றிய ஒரு கூற்று. ஆகவே அந்த அசைவை நாம் பிறப்பித்த கட்டளையோடு பிணைக்கக் கூடாது, அளந்தறிந்த நிலையோடுதான் பிணைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கட்டளை வேறு, நிலை வேறு

கட்டளையையே நிலையாகக் காட்டும் பிழை, தொழிலகத் தொடுதிரைகள் பரவுமுன்பே பெரும் விலை கேட்டது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடி சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ, வால்வை மூடும் கட்டளை போய்விட்டதை மட்டுமே காட்டியது. அதை வால்வு மூடிவிட்டதாகவே ஆபரேட்டர்கள் புரிந்துகொண்டனர். குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெளியேறியது. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸிலுள்ள மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில், மூடியிருந்த வால்வைக் கட்டுப்பாட்டு அமைப்பு திறந்திருப்பதாகக் காட்டியது. தொடர்ந்து நிகழ்ந்த வெடிப்பில் 26 பேர் காயமடைந்தனர். இடையில் 15 ஆண்டுகள் கடந்திருந்தும் தவறு ஒன்றேதான்.

ஒரு பம்பின் ஐந்து நிலைகள்

ஸ்டார்ட் பொத்தானைத் தொட்டதும் பிஎல்சியின் அவுட்புட் இயங்கும், மோட்டாருக்கு மின்சாரம் தரும் சுவிட்சான கான்டாக்டர் இழுக்கும், மோட்டார் சுழலும், நீர் பாயும். இச்சங்கிலியின் எந்தக் கண்ணியும் அறுந்துபோகலாம். பச்சை நிறத்தை ஸ்டார்ட் டேக்கோடு பிணைத்தால், ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகி நிற்கும் பம்பும் ஓடுவதாகத் தெரியும். கான்டாக்டரின் துணைத் தொடுகையோடு பிணைப்பது மேல். ஆனால் கப்ளிங் முறிந்திருந்தால் அதுவும் ஏமாற்றும். ஓட்டமோ அழுத்தமோ அளக்கப்படும் இடத்தில் அந்த அளவையும் சேர்த்தே ‘ஓடுகிறது’ என்று காட்ட வேண்டும். அளக்கும் கருவி இல்லாவிட்டால் ‘கான்டாக்டர் இழுத்தது’ என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

எனவே ஒரு பம்புக்குக் குறைந்தது ஐந்து நிலைகள் வேண்டும்: நிற்கிறது, ஓடத் தொடங்குகிறது, ஓடுகிறது, பழுது, தகவல் இல்லை. கட்டளை போன பின் குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் இரண்டாம் நிலை நான்காம் நிலையாக மாற வேண்டும். ஐந்தாம் நிலையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். சுழலும் படம் பெரும்பாலும் பேனலின் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது. பிஎல்சி கேபிள் கழன்றாலும், கடைசியாக வந்த மதிப்பை வைத்துக்கொண்டு அது சுழன்றுகொண்டே இருக்கக்கூடும். பிஎல்சியில் நொடிக்கு ஒன்று கூடும் எண்ணி ஒன்றை வைத்து, அது மாறாமல் நின்றால் படம் முழுவதையும் மங்கலாக்குவது இதற்கு எளிய தீர்வு.

நிரப்பளவின் எல்லை

2005 மார்ச் 23 அன்று டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 170 அடிக் கோபுரத்தில் திரவம் 158 அடி வரை ஏறியிருந்தது. மட்டம் அளக்கும் கருவியோ 10 அடிக்கும் குறைவாக, அதுவும் இறங்கிவருவதாகக் காட்டியது. அது அளக்கக்கூடியது கோபுரத்தின் அடிப்பகுதியை மட்டுமே. உள்ளே வரும் ஓட்டமும் வெளியேறும் ஓட்டமும் வெவ்வேறு திரைகளில் இருந்தன. தொடர்ந்து நிகழ்ந்த வெடிப்பில் 15 பேர் இறந்தனர். சுமார் 180 பேர் காயமடைந்தனர். நிரப்பு அனிமேஷன் அமைப்போருக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு: கருவி அளக்கும் பகுதியை மட்டும் நிரப்பிக் காட்டி, மீதியை ‘அளக்கப்படவில்லை’ என வேறுபடுத்த வேண்டும், வரத்தும் போக்கும் ஒரே திரையில் அருகருகே நிற்க வேண்டும்.

ஒரு மறுப்பு

சுழலும் விசிறியும் பாயும் குழாயும் ஆலையை உயிரோட்டமாகக் காட்டி, புதிய ஆபரேட்டருக்கு உதவும் என்பர். பயிற்சித் திரையில் இது சரி. ஆனால் ஓரக்கண் அசைவை உடனே பற்றிக்கொள்ளும். இருபது பம்புகள் சுழலும் திரையில் ஒப்புக்கொள்ளப்படாத ஒற்றை அலாரம் கண் சிமிட்டினால் யார் கவனிப்பார்? மில்ஃபோர்ட் ஹேவனில் வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் ஆபரேட்டர் இருவர் 275 அலாரங்களை எதிர்கொண்டனர். அசைவு விழிப்பூட்டும் கருவி. அதை அலங்காரத்துக்குச் செலவிட்டால் ஆபத்து நேரத்தில் கையில் எதுவும் மிஞ்சாது. சாதாரண நிலை அமைதியான சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். நிறம் மாறும்போது வடிவமும் எழுத்தும் உடன் மாறட்டும்; சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவரும் ஷிஃப்ட் பார்க்கிறார்.

முடிவுரை

திரை அழகாக இருக்கிறதா என்பதற்கு முன், அது சொல்வது உண்மையா என்று சோதிக்க வேண்டும். அதற்கு ஒரு சோதனை போதும். ஆலையை ஒப்படைக்கும் நாளில், உரிய பாதுகாப்போடு பம்பின் மின்வழங்கலைத் துண்டித்துவிட்டு ஸ்டார்ட் பொத்தானைத் தொடுங்கள். திரையில் பம்ப் சுழன்றால், அந்தத் திரைக்குக் கையெழுத்திடாதீர்கள்.