இல்லாத விமானத்துக்கு ஒரு மாடல் கிட்

"இல்லாத ஒரு கப்பலை ஒட்ட வைத்து என்னங்க பிரயோஜனம்? நிஜ விமானம் என்றாலாவது பையன் நாலு விஷயம் தெரிந்துகொள்வான்."

பெங்களூரில் எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் மதுரைக்கார நண்பர் ஒருவர் கேட்டது இது. அவர் பையன் பிறந்தநாளுக்குக் கேட்டது ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்கலத்தின் பிளாஸ்டிக் மாடல். நியாயமான கேள்விதான். ஊரை விட்டு வந்து வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டிக்கொண்டிருக்கிற எந்த அப்பாவுக்கும் வரும். ஆனால் இதற்கு மாடல் கிட்களின் சரித்திரத்திலேயே ஒரு நல்ல பதில் இருக்கிறது. அமெரிக்காவில் நடந்த கதை.

முதலில் பழக்கமில்லாதவர்களுக்காக: பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் சின்னச் சின்னப் பாகங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து, உரசி, பசை போட்டு ஒட்டி, பெயிண்ட் அடித்தால் விமானம் தயார். 1/48 என்று போட்டிருந்தால் நிஜத்தில் 48 அடி இருப்பது மேஜையில் ஓர் அடி.

நண்பரின் பையன் கேட்ட கப்பலிலிருந்தே ஆரம்பிப்போம். ஸ்டார் ட்ரெக் 1966-ல் தொடங்கியது. கப்பலை வரைந்த மாட் ஜெஃப்ரீஸ் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர். அவ்வளவு சக்தியுள்ள எஞ்சின் ஆபத்தானதாகத்தான் இருக்கும், ஆட்கள் பக்கத்தில் அது இருக்கக்கூடாது என்று யோசித்து, எஞ்சின்களைத் தள்ளி நீண்ட தூண்களின் நுனியில் வைத்தார். பழுது பார்ப்பவன் உள்ளிருந்தே பார்க்க வேண்டும் என்பதால் வெளிப்புறத்தை வழவழப்பாக விட்டார். கற்பனைதான், ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

அதன் மாடலை விற்றது ஏ.எம்.டி. என்ற கார் மாடல் கம்பெனி. 1967-ல் தொடரில் சிதைந்துபோன இன்னொரு கப்பல் தேவைப்பட்டபோது, இந்த ஏ.எம்.டி. கிட்டையே ஒட்டிச் சேதப்படுத்திப் படம்பிடித்தார்கள். 1701 என்ற எண்ணை மாற்றிப் போட்டு 1017 ஆக்கிவிட்டார்கள் :-) பத்து வருடம் கழித்து ஸ்டார் வார்ஸ் கலங்களின் மேல் கண்ணுக்குத் தெரிந்த நுணுக்கங்களில் பெரும்பகுதி, கடைகளில் வாங்கிய டாங்க், கப்பல் கிட்களின் உதிரிப் பாகங்கள்.

சரி, இது சினிமா. நிஜ ராணுவத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

1961-ல் ரெவல் கம்பெனி போலாரிஸ் ஏவுகணை நீர்மூழ்கியின் மாடலை விற்றது. விலை 2.98 டாலர். அமெரிக்க அணு நீர்மூழ்கிகளின் தந்தை எனப்படும் அட்மிரல் ரிக்கோவர் கொதித்துப் போனார். கோடிக்கணக்கில் செலவழித்து எதிரி தெரிந்துகொள்ள வேண்டியதைப் பொம்மைக் கடையில் கொடுக்கிறோமே என்பது அவர் ஆதங்கம்.

இதையும் மிஞ்சியது 1986-ல் நடந்தது. ராடாரில் சிக்காத விமானம் ஒன்று அமெரிக்காவிடம் இருக்கிறது என்று அதற்குள் ஊரெல்லாம் பேச்சு. அரசாங்கம் வாயே திறக்கவில்லை. எஃப்-18 இருந்தது, அடுத்து எஃப்-20 வந்தது, நடுவில் 19-ஐக் காணோம். அப்படியானால் ரகசிய விமானம் எஃப்-19 தான் என்று ஆர்வலர்கள் முடிவுகட்டினார்கள். டெஸ்டர்ஸ் கம்பெனியில் மாடல் வடிவமைத்த ஜான் ஆண்ட்ரூஸ், ராடார் எதிரொலியைக் குறைக்க என்ன செய்வார்கள் என்று கணக்குப் போட்டு ஒரு விமானத்தை உருவாக்கினார். கூரான மூலைகளே இல்லாத, வழுவழுவென்ற உடல். உள்பக்கம் சாய்ந்த வால்கள். பெயர்: எஃப்-19 ஸ்டெல்த் ஃபைட்டர்.

ஜனங்கள் வாங்கித் தள்ளினார்கள். அதே வருடம் லாக்ஹீட் கம்பெனியில் ரகசிய ஆவணங்கள் காணாமல் போனது பற்றி அமெரிக்க காங்கிரஸில் விசாரணை நடந்தபோது இந்தப் பொம்மையும் அங்கே போய்ச் சேர்ந்தது. உறுப்பினர்களான எங்களுக்கே காட்டாததைக் கடையில் விற்கிறார்களே என்று கோபம். 1988-ல் எஃப்-19 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டே வந்துவிட்டது. தொண்ணூறுகளில் எங்கள் கல்லூரி லேபில் அதை ஆடாதவர்கள் குறைவு. விமானம் நிஜம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

1988 நவம்பரில் அமெரிக்க விமானப்படை ஒரே ஒரு மங்கலான புகைப்படத்தை வெளியிட்டது. பெயர் எஃப்-117. வளைவே இல்லை! கண்ணாடித் துண்டுகளை ஒட்டி வைத்ததுபோல் முழுக்கத் தட்டையான பட்டைகள். 1981-லிருந்தே நெவாடா பாலைவனத்தில் பறந்துகொண்டிருந்ததாம்.

ஏன் பட்டை பட்டையாக? இங்கேதான் விஷயம். 1962-ல் மாஸ்கோவில் பியோத்ர் உஃபிம்ட்சேவ் என்ற விஞ்ஞானி, விளிம்புகளில் அலைகள் எப்படிச் சிதறும் என்று கணக்கு எழுதினார். சோவியத் அரசு அதை ரகசியமாகக்கூட வைக்கவில்லை. 1971-ல் அமெரிக்க விமானப்படை அதை மொழிபெயர்த்தது. லாக்ஹீடின் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அதைப் படித்து கம்ப்யூட்டர் நிரல் எழுத வழிசெய்தார். ஆனால் எழுபதுகளின் கம்ப்யூட்டருக்குத் தட்டைப் பரப்புகளைத்தான் கணக்கிட முடிந்தது, வளைவுகளுக்குத் திராணி இல்லை. அதனால் விமானமே தட்டையானது. முதல் வடிவத்துக்கு கம்பெனிக்குள்ளேயே வைத்த கேலிப்பெயர் 'உருப்படாத வைரம்'.

அப்படியானால் ஆண்ட்ரூஸ் உளறினாரா? அப்படிச் சொல்லிவிட முடியாது. எஃப்-117க்கு முன்னோடியாக 1977-ல் பறந்த ஹேவ் புளூ சோதனை விமானத்தின் வால்கள் உள்பக்கம்தான் சாய்ந்திருந்தன. நார்த்ராப் கம்பெனி 1982-ல் ரகசியமாகப் பறக்கவிட்ட டாசிட் புளூ, வளைவுகளாலேயே ராடாரை ஏமாற்றியது. வெளியுலகுக்கு அது தெரிந்தது 1996-ல். பி-2 குண்டுவீச்சு விமானமும் வளைவுதான். கம்ப்யூட்டர் வளர்ந்ததும் விமானமும் வளைந்தது.

இன்னொரு வேடிக்கை. 1987-ல் இதே டெஸ்டர்ஸ், ரஷ்யர்கள் செய்தால் எப்படியிருக்கும் என்று மிக்-37 என்ற இன்னொரு இல்லாத விமானத்தை விற்றது. அது பட்டை பட்டையாக இருந்தது. மறு வருடம் வெளிவந்த நிஜ எஃப்-117க்கு, எஃப்-19-ஐவிட அதுதான் நெருக்கம்!

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். நிஜ விமானத்தின் கிட் விடை எழுதிய நோட்டு மாதிரி. பார்த்து எழுதினால் போதும். இல்லாத விமானத்தின் கிட் கேள்வித்தாள். யாரோ ஒருவர் தனக்குத் தெரிந்த கொஞ்ச இயற்பியலை வைத்துத் தெரியாததை எட்டிப் பார்த்திருக்கிறார். பாதி தப்பு, பாதி சரி. தப்பானதும் ஒரு காரணத்தோடு தப்பாகியிருக்கிறது. ஸ்டெல்த் விமானத்தை உருவாக்கியவர்கள் செய்ததும் அதே வேலைதான், கையில் கொஞ்சம் கூடுதல் கணக்கு இருந்தது, அவ்வளவே.

வாங்கிக் கொடுக்கிற பெற்றோருக்கு ஒரே ஒரு யோசனை. பசையை எடுக்கும் முன் "இந்த எஞ்சின் ஏன் இங்கே இருக்கிறது?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். நமக்கும் பதில் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது, இரண்டு பேரும் சேர்ந்து யோசிக்கலாம்.