ஆண்களுக்கு மார்பகம் பெரிதாவது ஏன்? ஹார்மோன் சோதனை யாருக்குத் தேவை?

"டீ-சட்டை போட்டாலே தெரியுது!" அதனால் நீச்சல் குளம் பக்கமே போவதில்லை. தேசியச் சேவை முகாமில் சட்டையைக் கழற்றவும் தயக்கம். வெட்கப்பட்டு மருத்துவரிடம்கூடச் சொல்லாத ஆண்கள் உண்டு.

என்ன காரணம்?

ஆண்களின் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனோடு ஒப்பிடும்போது அதன் அளவு கூடினால் மார்பகச் சுரப்பித் திசு வளரும். அதுதான் கைனகோமாஸ்டியா. காம்புக்கு நேர் அடியில் ரப்பர் போலத் தட்டுப்படும். எடை கூடுவதால் சேரும் கொழுப்பு வேறு. அது மிருதுவாக இருக்கும்.

எல்லாருக்கும் ரத்தச் சோதனை வேணுமா?

வேண்டாம். பருவ வயதுப் பையன்களுக்கு இது சகஜம். பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 ஆண்டுக்குள் தானாகவே குறைந்துவிடும். பெரியவர்களுக்குப் புதிதாக வந்தாலோ, வலித்தாலோ, வேகமாகப் பெரிதானாலோ சோதனை தேவைப்படலாம்.

எதைப் பார்ப்பார்கள்?

• டெஸ்டோஸ்டிரோன்: காலையில்தான் அதிகம் இருக்கும். அதனால் காலையிலேயே ரத்தம் எடுப்பார்கள்.

• எல்எச்: பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் கட்டளை. டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்எச் கூடியிருந்தால், கோளாறு விரைகளில் இருக்கலாம். இரண்டும் குறைவு என்றால் பிட்யூட்டரியைக் கவனிப்பார்கள்.

• எச்சிஜி: கர்ப்பப் பரிசோதனையில் தேடப்படும் அதே ஹார்மோன். ஆணுக்கு அது கூடியிருந்தால் விரைப் புற்றுநோய் உள்ளதா என்று அல்ட்ராசவுண்ட் மூலம் பார்ப்பார்கள்.

ஈஸ்ட்ரோஜன், புரோலாக்டின், தைராய்டு, கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளும் சேரலாம். எல்லாம் சரியாக இருந்து, காரணம் தெரியாமலே போவதும் உண்டு.

ஜிம்மில் ஊசி போட்டேன்... சொல்லணுமா?

கண்டிப்பாக. தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகள் சில, உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாறும்; எல்எச்சையும் அடக்கிவிடும். மறைத்தால், பிட்யூட்டரியில் கோளாறு இருப்பதுபோல் முடிவு காட்டக்கூடும். முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டிரைட், இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவையும் மார்பகத்தைப் பெரிதாக்கலாம். ஆனால் நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

• ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி
• காம்பிலிருந்து ரத்தம் அல்லது நீர்
• தோலில் குழி
• விரையில் கட்டி

ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், அரிதுதான். அதை ஹார்மோன் சோதனை கண்டுபிடிக்காது. மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், திசுச் சோதனை வேண்டும்.

சாதாரண வீக்கம் என்றாலும் ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்தால் திசு இறுகிவிடலாம். அதன் பிறகு மருந்து அவ்வளவாக உதவாது, அறுவைச் சிகிச்சைதான் வழி. பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ தொடங்கலாம்.