கிளேவியஸ்: நிலவின் பெரும் பள்ளமும் பான் நகரமும்

அட்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நிலவின் மிகப் பெரிய பள்ளங்களுள் ஒன்றைப் பார்க்க விரும்புபவர்களுக்கு வளர்பிறை நவமியை விடச் சிறந்த நாள் இல்லை. அன்று மாலைதான் கிளேவியஸ் என்ற பள்ளத்தில் சூரியன் உதிக்கிறது. வெறும் கண்ணுக்கே, வெளிச்சமும் இருட்டும் பிரியும் கோட்டின் தென்முனைப் பக்கத்தில் ஒரு சின்ன வெட்டுப் போல அது தெரியக்கூடும். கூரிய பார்வை வேண்டும், அவ்வளவுதான்.

2020ஆம் ஆண்டு ஒக்ரோபர் 26ஆம் திகதி, உலகச் செய்திகளில் இந்தப் பள்ளத்தின் பெயர் அடிபட்டது. "நிலவில் தண்ணீர்" என்று தலைப்புப் போட்டார்கள். நம்மவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் நிலவில் குளம் கண்டதுபோலவே படங்கள் சுற்றின. உண்மையில் கண்டது என்ன, அதில் இந்தப் பான் நகரத்துக்கு என்ன பங்கு என்பது பலருக்குத் தெரியாமலே போய்விட்டது. முதலில் பள்ளத்தைப் பார்ப்போம்.

கிளேவியஸின் விட்டம் சுமார் 231 கிலோமீற்றர். இலங்கைத் தீவின் மிக அகலமான இடம் ஏறக்குறைய 225 கிலோமீற்றர்தான். பரப்பளவில் நெதர்லாந்து நாட்டோடு ஒப்பிடலாம். நாம் வாழும் நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலம் அதற்குள் அடங்கி, இடமும் மிஞ்சும். ஆழம் மூன்றரை கிலோமீற்றர் அளவில். சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன், பெரும் விண்கற்கள் ஓயாமல் விழுந்துகொண்டிருந்த காலத்தில் உண்டானது.

படங்களில் பார்க்கும்போது ஒரு கிண்ணம் போலத் தோன்றும். ஆனால் அகலத்தோடு ஒப்பிட்டால் அது கிண்ணமே அல்ல, தட்டு. அதன் நடுவில் ஒருவர் நின்றால் சுற்றுச்சுவர் அவருக்குத் தெரியுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிலவின் ஆரம் 1,737 கிலோமீற்றர். பூமியை விடச் சிறிய உருண்டை என்பதால் தரை விரைவாக வளைந்து கீழே போய்விடுகிறது. 115 கிலோமீற்றர் தொலைவில் உள்ள ஒரு சுவர், மூன்றரை கிலோமீற்றருக்கும் அதிகமாக உயர்ந்திருந்தால்தான் தொடுவானுக்கு மேலே தலை காட்டும். ஆகவே நடுவில் நிற்பவர், தான் ஒரு பெரும் பள்ளத்துக்குள் நிற்கிறார் என்பதையே அறியமாட்டார். சுற்றிவரச் சமவெளியும் சின்னச் சின்ன மேடுகளும்தான் தெரியும்.

இங்கிருந்து பார்க்கும் நமக்கு அது வட்டமாகத் தெரிவதில்லை. தெற்கே 58 பாகையில், உருண்டையின் விளிம்பை நோக்கிச் சரிந்த இடத்தில் இருப்பதால், மேலிருந்து கீழாக நசுங்கி நீள்வட்டமாகத் தெரிகிறது. அதற்குள் இருக்கும் குட்டிப் பள்ளங்களின் வரிசைதான் இதன் அடையாளம். தென்கிழக்குச் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கும் ரதர்ஃபோர்ட் சுமார் 50 கிலோமீற்றர். அதிலிருந்து தரையின் குறுக்கே ஒரு வில் வளைகிறது: டி (28 கிலோமீற்றர்), சி (21), என் (13), ஜே (12). யாரோ அளவெடுத்து வரிசையாக வைத்ததுபோல ஒன்றைவிட ஒன்று சிறுத்துக்கொண்டே போகும். இவை ஒரே நேரத்தில் விழுந்த கற்களால் வந்தவை அல்ல. வெவ்வேறு காலத்தில் விழுந்தவை தற்செயலாக இப்படி அமைந்துவிட்டன. வடகிழக்குச் சுவரில் ரதர்ஃபோர்டுக்கு ஈடான இன்னொன்று, போர்ட்டர். இத்தனை குழிகள் மேலே விழுந்திருப்பதே இந்தத் தரை எவ்வளவு பழையது என்பதற்குச் சாட்சி. கிளேவியஸுக்கு வடக்கே இருக்கும் டைக்கோ பள்ளம் சுமார் 11 கோடி ஆண்டு வயதுடையது. அதன் சுவர்கள் இன்னும் கூர் மழுங்காமல் இருக்கின்றன.

பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. கிறிஸ்தோபர் கிளேவியஸ் ஜேர்மனியின் பம்பேர்க் நகரில் 1538இல் பிறந்த இயேசு சபைத் துறவி, கணித அறிஞர். இன்று நாம் பயன்படுத்தும் கிரெகரி நாட்காட்டியை 1582இல் உருவாக்கியதில் முக்கியமானவர். 1611இல் கலிலியோவின் தொலைநோக்கிக் கண்டுபிடிப்புகளைப் பற்றித் திருச்சபை கருத்துக் கேட்டபோது, உரோமைக் கல்லூரி அறிஞர்கள் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொண்டார்கள். நிலவின் மேற்பரப்பு மேடு பள்ளமானது என்பதில் மட்டும் முதியவர் கிளேவியஸுக்கு மனம் வரவில்லை. தரை வழவழப்பானதுதான், உள்ளே சில இடம் அடர்த்தியாகவும் சில இடம் ஐதாகவும் இருக்கலாம் என்றே அவர் நினைத்தார். 40 ஆண்டுகள் கழித்து, 1651இல், அவருடைய சபையைச் சேர்ந்த ரிச்சியோலி நிலவுக்குப் பெயர் சூட்டியபோது, பள்ளங்களை நம்பாத மனிதருக்கே இந்தப் பெரும் பள்ளம் கிடைத்தது.

இதற்கு நேர்மாறான கதை பானில் இருக்கிறது. பொப்பல்ஸ்டோர்ஃப் அவெனியூவில், கஷ்கொட்டை மரங்களின் பின்னால் உள்ள பழைய வானாய்வகக் கட்டிடத்தைக் கடந்து போகாத பான்வாசி இருக்க முடியாது. அதைக் கட்டுவித்த ஆர்கலாண்டரின் உதவியாளராக 1846 முதல் 1853 வரை இருந்தவர் யூலியஸ் சிமித். நிலவின் மேல் தீராத ஆசை கொண்ட மனிதர். பின்னர் ஏதென்ஸ் வானாய்வகத்துக்குப் பொறுப்பாகப் போய், 1878இல் ஏறக்குறைய இரண்டு மீற்றர் விட்டமுள்ள நிலவுப் படத்தை வெளியிட்டார். 32 ஆயிரத்துக்கும் அதிகமான பள்ளங்களை அதில் குறித்திருந்தார். நிழற்படம் எடுக்காமல், கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தது. அவருக்குக் கிடைத்த பள்ளம் 11 கிலோமீற்றர். அதையும் சிமித் என்ற பெயருள்ள இன்னும் இருவரோடு பங்குபோட வேண்டியிருக்கிறது! ஆர்கலாண்டருக்கு 34 கிலோமீற்றரில் ஒன்று உண்டு.

ஆர்கலாண்டரை இங்கே இழுப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. மூன்று இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களைக் கொண்ட பான் விண்மீன் அட்டவணையை அவரும் உதவியாளர்களும் தயாரித்தது, 78 மில்லிமீற்றர் வில்லை கொண்ட ஒரு சிறிய தொலைநோக்கியால். இன்று நத்தார் காலத்தில் மலிவு விற்பனைக் கடைகளில் பிள்ளைகளுக்காக விற்கப்படும் தொலைநோக்கிகளின் வில்லை 60, 70 மில்லிமீற்றர். நம் வீடுகள் பலவற்றில் அப்படி ஒன்று நிலவறையில் தூசி படிந்து கிடக்கிறது. கிளேவியஸுக்கு அது போதும். 50 முதல் 100 மடங்கு பெருக்கத்தில் அந்த வில் வரிசை முழுவதும் தெரியும். எத்தனை குட்டிப் பள்ளங்களை எண்ண முடிகிறது என்பதே தொலைநோக்கிக்கும் வானத்துக்கும் ஒரு நல்ல சோதனை.

பார்க்கும் முறை இதுதான். பஞ்சாங்கத்தில் வளர்பிறை நவமியைக் குறித்துக்கொள்ளுங்கள்; சில மாதங்களில் தசமியிலும் காட்சி கிடைக்கும். ஊர்ப் பஞ்சாங்கம் என்றால் நேர வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும்: குளிர்காலத்தில் நாலரை மணி, கோடைகாலத்தில் மூன்றரை மணி. யாழ்ப்பாணத்தில் இரவு எட்டு மணிக்கு முடியும் திதி இங்கே குளிர்காலத்தில் பிற்பகல் மூன்றரைக்கே முடிந்துவிடும். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான மாதங்கள் நல்லவை. அப்போதுதான் வளர்பிறை அரைநிலவு பான் வானத்தில் உயரமாக ஏறும். செப்ரெம்பரில் அது கூரைகளுக்கு மேல் தவழ்ந்துவிட்டு மறைந்துவிடும். நிலவு நேர் தெற்கே இருக்கும்போது கிளேவியஸ் அதன் அடிப்பக்கத்தில் இருக்கும். தொலைநோக்கி படத்தைத் தலைகீழாக்கினால் மேலே தேடுங்கள். கண்ணாடிச் சன்னலுக்குள் இருந்து பார்ப்பதில் பயனில்லை. குளிர்காலத்தில் வெப்பமூட்டிக்கு மேலே உள்ள சன்னலைத் திறந்து வைத்துப் பார்ப்பதும் வீண். சூடான காற்று கொதிநீர்போல் படத்தை ஆட்டும். பல்கனிக்கு அல்லது முற்றத்துக்குத் தொலைநோக்கியைக் கொண்டுபோய், அரைமணி நேரம் குளிரவிட்டு, பிறகு பாருங்கள்.

சரியான நேரம் வாய்த்தால் தரை முழுவதும் கரிய இருட்டாக இருக்கும். அதன் நடுவே சி, டி என்ற இரண்டு பள்ளங்களின் விளிம்புகள் மட்டும் வெயில் பட்டு மின்னும். இருட்டில் இரண்டு கண்கள் விழித்துப் பார்ப்பதுபோல் இருக்கும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் ஒரு தரம் பின்வாங்கிவிட்டுத்தான் மறுபடி கண்ணை வைப்பார்கள். அந்த இடத்தில் விடியல் மணிக்கு எட்டு கிலோமீற்றர் வேகத்தில்தான் நகர்கிறது, சைக்கிளில் முந்திவிடலாம். பள்ளத்தை முழுதாகக் கடக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தால் நிழல் சுருங்கியிருப்பது தெரியும். பௌர்ணமியன்று தேடாதீர்கள். நிழலே இல்லாத வெளிச்சத்தில் இவ்வளவு பெரிய பள்ளம் கரைந்துபோய்விடும். பக்கத்து டைக்கோவின் வெள்ளைக் கதிர்கள் மட்டும் கண்ணைப் பறிக்கும்.

இனித் தண்ணீர். 2008இல் இந்தியா அனுப்பிய சந்திரயான்-1, பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த கலம், தன்னில் இருந்த நாசாக் கருவியொன்றின் மூலம் நிலவுத் தரையில் தண்ணீருக்கான தடயத்தைப் பதிவு செய்தது. அது 3 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் எடுத்த தடயம். அதில் ஒரு சிக்கல்: தண்ணீர் மூலக்கூறும், ஒரு ஹைதரசன் குறைந்த ஹைதரொக்சிலும் அங்கே ஒன்றாகவே தெரியும். இரண்டையும் பிரித்தறிய 6 மைக்ரோமீற்றரில் பார்க்க வேண்டும். பூமியிலிருந்து அப்படிப் பார்க்க முடியாது. நமது காற்றில் உள்ள நீராவியே மறைத்துவிடும்.

அதைக் கடந்து போனது சோஃபியா. போயிங் 747 விமானமொன்றின் பக்கவாட்டில் பெரிய கதவு வெட்டி, உள்ளே 2.7 மீற்றர் கண்ணாடி கொண்ட 17 தொன் தொலைநோக்கியைப் பொருத்திய பறக்கும் வானாய்வகம். விமானம் நாசாவினுடையது. தொலைநோக்கி ஜேர்மனியினுடையது; அதன் கண்ணாடிக்கான பொருள் மைன்ஸ் நகர் ஷொட் நிறுவனத்தில் உருவானது. ஜேர்மனியின் பங்கைக் கவனித்தது விண்வெளி மையமான டி.எல்.ஆர். அதன் விண்வெளி நிர்வாகம் இருப்பது றைன் நதிக்கு அக்கரையில், பான் ஓபர்காசலில். பான் மக்ஸ் பிளாங்க் வானொலி வானியல் நிறுவனமும் கொலோன் பல்கலைக்கழகமும் முன்னின்று செய்த கிரேட் என்ற கருவியும் இதே விமானத்தில் பறந்தது.

தண்ணீரைக் கண்டது கிரேட் அல்ல, ஓர் அமெரிக்கக் கருவி. 2018 ஓகஸ்ட் இறுதியில், மங்கலான தூரப் பொருட்களுக்காகக் கட்டிய தொலைநோக்கியை நிலவை நோக்கித் திருப்பினால் வேலை செய்யுமா என்று பரீட்சித்துப் பார்க்கத்தான் கிளேவியஸைக் குறி வைத்தார்கள். கேசி ஹானிபோல் தலைமையிலான குழு அந்தத் தரவில் தண்ணீர் மூலக்கூறின் கையொப்பத்தைக் கண்டது. அளவு, பத்து இலட்சத்தில் 100 முதல் 412 பங்கு வரை. அதாவது ஒரு கன மீற்றர் மண்ணை அள்ளினால் ஒரு சிறு சோடாப் போத்தல் அளவு, சுமார் 350 மில்லிலீற்றர். சகாராப் பாலைவனத்தில் இதைவிட நூறு மடங்கு தண்ணீர் இருக்கிறது. அதுவும் ஈரமாக இல்லை, பனிக்கட்டியாகவும் இல்லை. மண் துகள்களின் இடையிலும், நுண்கற்கள் மோதி உருகிய கண்ணாடி மணிகளுக்குள்ளும் அடைபட்டிருக்கிறது என்பதே விளக்கம்.

அப்படியானால் ஏன் பெரிய செய்தி? நிரந்தர இருட்டில் கிடக்கும் துருவப் பள்ளங்களில் பனி இருக்கலாம் என்பது ஏற்கனவே பேசப்பட்டது. நல்ல வெயில் அடிக்கும் தரையில், காற்றே இல்லாத இடத்தில், தண்ணீர் ஆவியாகிப் பறக்காமல் இருக்கிறது என்பதுதான் எவரும் உறுதியாகச் சொல்லாத விடயம். குளம் என்று எழுதிய தலைப்புகள் இதைத்தான் தவறவிட்டன.

2021 பெப்ரவரியில் சோஃபியா சில வாரங்கள் கொலோன்-பான் விமான நிலையத்திலிருந்தே பறந்தது. கொரோனா முடக்கத்தில் பயணிகள் இல்லாத ஓடுபாதையில் அது இரவுகளில் கிளம்பியபோது, நம்மில் பலர் சில கிலோமீற்றர் தொலைவில் தூங்கிக்கொண்டிருந்தோம். செலவு அதிகம், அதற்கேற்ற பயன் போதாது என்ற கணக்கில் 2022 செப்ரெம்பரில் அதன் கடைசிப் பறப்பு முடிந்தது. அந்தக் கணக்கு சரியோ தவறோ, அகச்சிவப்பின் அந்த நீண்ட அலைகளில் வானத்தைப் பார்க்க அதற்கு ஈடானது அதன் பின் எதுவும் பறக்கவில்லை. விமானம் இப்போது அரிசோனாவில் டூசன் நகர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

கிளேவியஸில் மனிதர் குடியிருப்பதாக முதலில் உலகத்துக்குக் காட்டியது 1968இல் வந்த '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி'. அதில் அமெரிக்காவின் நிலவுத் தளம் இந்தப் பள்ளத்தில்தான் இருக்கும். கதையை எழுதியவர்களில் ஒருவரான ஆதர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, 2008இல் கொழும்பில் காலமானவர். அவர் அங்கே தளம் அமைத்தபோது அந்த மண்ணில் தண்ணீர் இருப்பது ஒருவருக்கும் தெரியாது.

மாலையில் வேலை முடியாதவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. தேய்பிறை நவமியன்று விடியற்காலையில் இதே பள்ளத்தில் சூரியன் மறைகிறது. நிழல்கள் அப்போது எதிர்ப்பக்கமாக விழும். மாலையில் பார்த்த பள்ளம்தானா என்று சந்தேகமாக இருக்கும். ஐந்து மணி வேலைக்குப் போகிறவர்கள் பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி ஒரு சிறிய இருகண் நோக்கியாலேயே பார்க்கலாம்.