கட்டில், மெத்தை, காலை முதுகுவலி: கொல்கத்தாவிலிருந்து ஒரு குறிப்பு

உறங்கி எழுந்ததும் முதுகு பிடித்துக்கொண்டால் தமிழர் 'படுத்த வாகு சரியில்லை' என்பர். வங்காளியர் 'ஷோயார் தோஷ்' என்பர். படுத்ததன் குற்றம் என்பது பொருள். இரு மொழிகளும் பழியைப் படுக்கையின்மீதே சுமத்துகின்றன. இந்தப் பழிக்கு ஒரு வரலாறு உண்டு. மொழியியல் பயின்றவர்க்கு அது சொற்களிலிருந்தே தொடங்குகிறது.

வங்காள மொழியில் கட்டிலுக்குப் பெயர் 'காட்'. இது வடமொழிக் 'கட்வா'வின் வழிவந்தது. அந்தக் கட்வாவே 'கட்டில்' என்னும் சொல்லின் திராவிட உறவிலிருந்து வடமொழிக்குச் சென்றது என்பது தாமஸ் பரோ முதலியோரின் கருத்து. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, ஆங்கிலேயரின் 'காட்' என்னும் சொல்லுக்கு மூலம் தேடும்போது இந்துஸ்தானியையும் தமிழையும் ஒருங்கே சுட்டுகிறது. 'கட்டு' என்னும் வினையடியோடு இதனை இணைத்துப் பார்ப்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. கயிறு கட்டிய சட்டம்தானே பழைய கட்டில்? படா பஜார் நடைபாதைகளில் சுமைதூக்குவோர் இன்றும் படுத்துறங்கும் 'காட்டியா' அந்த வடிவத்தை மாறாமல் காத்து வருகிறது.

மெத்தைக்கு வங்காளியர் வழங்கும் 'தோஷக்' துருக்கிய மூலத்தது. பாரசீகத்தின் வழியே வந்தது. தலையணையாகிய 'பாலிஷ்' பாரசீகம். ஆகவே சட்டம் நம்முடையது, மென்மை வந்தேறியது என்று ஒரு கோட்பாடு கட்டிவிடலாம்போலத் தோன்றும். ஆனால் வெறும் பலகைக் கட்டிலுக்கு இங்கு வழங்கும் 'தக்தாபோஷ்' என்பதும் பாரசீகமே. தமிழ் 'மெத்தை'யோ மென்மையைக் குறிக்கும் நம் வேரிலிருந்து பிறந்தது. சொல் வரலாறு அத்தனை ஒழுங்காக அமைவதில்லை.

மென்படுக்கை நமக்கும் புதிதன்று. நெடுநல்வாடை அரசியின் யானைத்தந்தக் கட்டிலையும் அதன்மேல் விரித்த அன்னத் தூவியையும் விரிவாகச் சொல்கிறது. முரசுகட்டிலின் மென்மையில் மயங்கி உறங்கிவிட்ட மோசிகீரனாருக்குச் சேரமான் கவரி வீசிய நிகழ்ச்சியைப் புறநானூறு அறிந்தோர் மறவார். அப்புலவர் எழுந்தபோது முதுகு எப்படி இருந்தது என்பதைப் பாடல் சொல்லவில்லை.

கொல்கத்தாவில் என் கவனத்தை மிகவும் ஈர்த்தவர்கள் துனூரிகள். பனிக்காலம் நெருங்கியதும் தோளில் பெரிய வில்லோடு தெருத்தெருவாக வருவர்; நாண் அதிரும் ஓசையே அவர்களுக்கு விளம்பரம். பழைய மெத்தையைப் பிரித்து, கட்டிதட்டிய பஞ்சை வில்லால் அடித்து நுரைபோல் ஆக்கி, மீண்டும் உறையில் அடைத்துத் தைத்துத் தருவர். தமிழகத்தில் பஞ்சுகொட்டுவோர் செய்த வேலையும் இதுவே. நற்றிணையின் நெய்தல் பாடலொன்று காற்றில் சிதறும் அலைத்திவலைக்கு வில்லால் அடித்த பஞ்சை உவமையாக்குகிறது என்றால், இத்தொழிலின் பழமையை உணரலாம்.

இதை வெறும் தையல் வேலை என்று கருதுவது தவறு. பஞ்சு மெத்தையில் உடலின் எடை மிகுதியாக இறங்குமிடம் இடுப்பு. ஓராண்டில் அங்குப் பஞ்சு அமுங்கிக் குழி விழுகிறது. இடுப்பு அந்தக் குழியில் தாழ, முதுகெலும்பு இரவு முழுவதும் ஒரே வளைவில் நிற்கிறது. துனூரியின் வில் அந்தக் குழியை அழித்தது. மருத்துவம் என்று எவரும் அதனை அழைக்கவில்லை; ஆயினும் ஆண்டுதோறும் நடந்த முதுகுப் பராமரிப்பு அது. பர்மிங்காமில் டன்லப் நிறுவனத்தார் 1929இல் உருவாக்கிய ரப்பர் நுரையும் அதன் பின்வந்த செயற்கை நுரைகளும் இத்தொழிலைச் சுருக்கிவிட்டன. நுரை மெத்தையிலும் குழி விழும். ஆனால் அதைப் பிரித்து அடிக்க முடியாது.

மருத்துவர்கள் நெடுங்காலம் இதற்கு மாறான அறிவுரையையே கூறினர்: மெத்தையை விட்டுப் பலகைக்கு மாறுக, வலி தீரும்வரை படுத்திருக்க. ஓய்வே மருந்து என்பது 19ஆம் நூற்றாண்டில் லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ் போன்றோர் எலும்பு மருத்துவத்தில் ஊன்றிய கொள்கை. 1986இல் ரிச்சர்ட் டேயோ குழுவினர் முதுகுவலியாளர்களை ஒப்பிட்டபோது, ஏழு நாள் ஓய்வு இரண்டு நாள் ஓய்வைவிட மேலான பயன் எதையும் தரவில்லை. 2003இல் ஸ்பெயினின் கோவாக்ஸ் குழுவினர் நாள்பட்ட இடுப்புவலியுள்ள 313 பேரைக் கடின மெத்தையிலும் நடுத்தரக் கடின மெத்தையிலும் படுக்கவைத்து 90 நாள் கவனித்தனர். படுக்கையிலும் எழும்போதும் வலி குறைந்தவர்கள் நடுத்தர மெத்தையினரே. தக்தாபோஷ் தோற்றது, துனூரி அடித்த தோஷக் ஏறத்தாழ வென்றது என்று சற்றுத் துணிந்து கூறுவேன்.

படுக்கை மட்டுமே குற்றவாளியா? ஜோசப் வாஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார், மனிதர் காலையில் மாலையைவிட உயரமாக இருப்பதை 1724இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். காரணம் இன்று தெளிவு. படுத்திருக்கையில் சுமை நீங்கிய முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. பருத்த வட்டு வளைய மறுக்கும். காலையில் குனியும்போது வட்டின் மீதான வளைவு அழுத்தம் பிற்பகலைவிட மும்மடங்கு மிகும் என 1987இல் ஆடம்ஸ் குழுவினர் கணித்தனர். 1998இல் ஸ்னூக் குழுவினர் எழுந்த முதல் இரண்டு மணிநேரம் குனிவதைத் தவிர்க்கச் சொன்னபோது நாள்பட்ட வலி குறைந்தது. ஆகவே பக்கவாட்டில் ஒருக்களித்து, கையூன்றி எழுவதும், வாளி தூக்குவதையும் தரையிலுள்ள நூற்கட்டுகளை எடுப்பதையும் சற்றுத் தள்ளிவைப்பதும் காசில்லாத மருந்துகள். விடுதியில் புது மெத்தை வாங்க இயலாத ஆய்வு மாணவர்க்கு இது சிறு செய்தியன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் வயதினர் இதனைத் தவறவிடுவது எளிது. நாற்பது வயதுக்குள் மெல்லத் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பது, பின்னிரவில் எழுப்பிவிடுவது, காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நிற்பது, ஓய்வில் கூடி நடமாட்டத்தில் தணிவது ஆகிய இயல்புகள் சேர்ந்த வலி, மூட்டழற்சி சார்ந்த தண்டுவட நோயாக இருக்கக்கூடும். எச்எல்ஏ-பி27 என்னும் மரபணுவோடு அதற்குள்ள தொடர்பு 1973இல் வெளியாயிற்று. இந்நோய் உடையோர் பலர் பெயர் அறியாமலேயே பல ஆண்டுகளைக் கழிக்கின்றனர். அதற்குள் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று இணையத் தொடங்கிவிடலாம். இவ்வியல்புகள் உடையோர் நாடவேண்டியது மெத்தைக் கடையை அன்று, மூட்டழற்சி மருத்துவரை. கால் மரத்தல், சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சல் ஆகியவை உடன் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.